தள்ளிக்கிட்டு வந்த மருமகள்

என் மாமனார் வாங்கிய கார் பெட்ரோலில்தான் ஓடியது. ஆனாலும் சேந்தமங்கலம் வட்டாரத்தில் அதற்குக் கரண்டு காரு என்றுதான் பெயர். மற்ற கார்களுக்கு முன்னால் நின்று இரும்புப் பிடியைப் போட்டுச் சுற்ற வேண்டும். இதற்கு ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், தானாகக் கிளம்பிவிடும். விளக்கும் கரண்டு, ஆரனும் கரண்டு. எல்லாம் ஓட்டுகிறவர் காலடிப் பலகைக்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டியின் வேலை. அதற்குப் பெயர் பேட்டரி என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஏற்காட்டுத் தோட்டக்காரர் ஒருவர் பல வருஷம் ஓட்டிவிட்டு விற்ற வண்டி அது. விற்றவர் சுற்றுகிற பிடியைக் கொடுக்க மறந்துவிட்டார். போய்க் கேளுங்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னதற்கு, "கரண்டு வண்டிக்குப் பிடி எதுக்குடா? எருமைக்குக் கொலுசு போடற மாதிரி!" என்றாராம் மாமனார். அந்தப் பேச்சுக்கு ஊரே சிரித்ததாம். அதற்கப்புறம் பிடியைக் கேட்டு வாங்க அவருக்கு வாய் வரவில்லை.

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவள். எழுத்தைப் பொட்டலக் காகிதத்தில் பழகினேன், பேச்சை மனிதர்களிடம் பழகினேன். யார் எது சொன்னாலும் அப்படியே மனதில் ஒட்டிக்கொள்ளும். நல்ல குணம்தான், ஆனால் என் கல்யாணத்தன்று காதில் விழுந்ததும் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது, பாருங்கள்.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் காலையில் தாலி கட்டினார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கரண்டு காரில் என்னை ஏற்றினார்கள். ஓட்டத் தெரிந்தவர் மாப்பிள்ளை ஒருத்தர்தான் என்பதால், மாலையும் கழுத்துமாக அவரே ஓட்டினார். முன்னால் மாமனார். பின்னால் நான், மாமியார், பெண்ணைக் கொண்டுபோய் விட வந்த என் அப்பா. மற்ற சொந்தக்காரர்களெல்லாம் மாட்டு வண்டியில் பின்னால் எங்கேயோ வந்துகொண்டிருந்தார்கள்.

சேந்தமங்கலத்தை நெருங்கும்போது பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வண்டியை நிறுத்தினார்கள். பெட்ரோல் வீணாகுதே என்று மாமனார்தான் இஞ்சினையும் அணைக்கச் சொன்னார். தேங்காய் உடைத்தாயிற்று. என் வீட்டுக்காரர் பொத்தானை அமுக்கினார். வண்டி ஒரு முக்கு முக்கியது. இன்னொரு தடவை அமுக்கினார். டிக் என்றது. அதற்குமேல் அதுவும் இல்லை. மாமனார் எட்டி ஆரனை அமுக்கிப் பார்த்தார். தொண்டை கட்டின ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்து நின்றது.

"எறங்கித் தள்ளுங்க. கொஞ்சம் ஓடினா இஞ்சின் புடிச்சுக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

எல்லாரும் இறங்கினார்கள். நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தேன். மாமியார் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டார்.

"நீ எறங்காத அம்மிணி. தாலி ஏறின கழுத்தோட வாரவ, முதக்காலை எங்க ஊட்டு நடையிலதான் வெக்கோணும். நடுவால தரையில கால் பட்டா ஆகாது."

"அத்தை, எங்கப்பா தள்றாங்களே..."

"தள்ளட்டும். பொண்ணைப் பெத்தவங்கதானே?"

இப்படித்தான் நான் உட்கார்ந்திருந்தேன், பட்டுச் சேலையும் பூவுமாக, சாமி சப்பரத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. பின்னால் என் அப்பாவும் மாமனாரும் தள்ளினார்கள். ரோடு பூராவும் மணல். வண்டி வேகம் எடுத்தால்தானே இஞ்சின் பிடிக்கும்? எடுக்கவே இல்லை. போதாத குறைக்கு அன்றைக்குச் சந்தை நாள்.

"ஏனுங்க பண்ணாடி, கரண்டு காருக்குக் கரண்டு தீந்துபோச்சுங்களா?" என்று மாமனாரைக் கேட்டார் ஒரு கத்தரிக்காய் வியாபாரி. நிலபுலம் உள்ளவரை எங்கள் பக்கத்தில் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மாட்டைப் பூட்டித் தரட்டுங்களா?" என்று மனதார ஒருத்தர் கேட்டார். மாமனாருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனாலும், "மாட்டைப் பூட்டினா மானம் போயிருமப்பா" என்றார். என்ன கணக்கோ அது. மனிதர்கள் தள்ளினால் போகாத மானம், மாடு இழுத்தால் போய்விடுமாம்.

சந்தையிலிருந்து நாலு பேர் வந்து கைகொடுத்தார்கள். வீடுவரைக்கும் தள்ளல்தான். சந்தையைத் தாண்டுவதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் நீட்டி முழக்கியது: "பாருங்கடா! பண்ணாடி ஊட்ல மருமகளைத் தள்ளிக்கிட்டு வாராங்கோ!"

சந்தை அப்படியே சிரித்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைத் தள்ளிக்கிட்டு வந்துட்டாங்க என்றால், பெற்றவர்களுக்குத் தெரியாமல் கூட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். பெற்றவரே பின்னால் நின்று தள்ளுகிறார், நடுச்சந்தையில் அந்தச் சொல். என் முகம் எரிந்தது. என் அப்பாவின் மூச்சு இரைப்பது முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என் மடியில் இருந்த எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.

கல்யாணத்துக்கு அப்புறம் அந்தக் கறுப்புப் பெட்டிக்கு எங்கள் வீட்டில் நடந்த உபசாரம் மருமகளான எனக்குக்கூட நடக்கவில்லை. சேலத்துக்கு மேட்டூர்க் கரண்டு வந்த புதுசு. என் வீட்டுக்காரர் அதைச் சாக்கில் சுற்றி பஸ் கூரையில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோவார். அங்கே ஒரு பட்டறையில் கரண்டு ஏற்றித் தருவார்கள். கொண்டுவந்து மாட்டினால் நாலு நாள் பொத்தானுக்கு மரியாதை இருக்கும். பிறகு பழையபடி முக்கல். கடைசியில் பட்டறைக்காரரே கையெடுத்துக் கும்பிட்டாராம். "சாகப்போற கெழவனுக்குச் சோறு ஊட்டற மாதிரிங்க. நாமதான் ஊட்டறோம், உள்ள எறங்கலை. புதுசு மாத்திருங்க."

மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. புதுசு மாற்றினால் வாங்கியது கிழட்டு வண்டி என்று தானே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று அவருக்கு. வண்டி கொட்டகையில் நின்றது. கோழி ஏறிப் படுத்தது.

அந்தச் சமயத்தில்தான் என் அப்பா ஒருநாள் வந்தார். வாசலிலேயே நின்றார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை, செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஆட்டையாம்பட்டிப் பக்கத்திலிருந்து என் தங்கைக்கு ஒரு இடம் வந்திருந்தது எனக்குத் தெரியும். நல்ல குடும்பம். பையன் தங்கையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான், இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. தங்கை பூத்தொடுக்கும்போதெல்லாம் தனக்குத்தானே சிரிக்கிறாள் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அந்த எடம் நின்னுபோகும் போல இருக்குது அம்மிணி" என்றார் அப்பா.

"ஏனுங்கப்பா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அக்காளைத் தள்ளிக்கிட்டுப் போன குடும்பமாமே, அங்கே எப்படிப் பொண்ணெடுக்கறதுன்னு பையனோட ஆத்தா கேக்கறாங்களாம். மாட்டு வியாபாரி ஒருத்தன் உங்க ஊர்ச் சந்தையில கேட்டதைக் கொண்டுபோய் அங்கே கொட்டியிருக்கறான். வண்டியைத் தள்ளினதுங்கறது எங்கேயோ வழியில விழுந்துபோச்சு, சாமி. மிச்சம் மட்டும் போய்ச் சேந்திருக்குது."

"கல்யாணத்துக்கு வந்தவங்களைக் கேட்டுப் பாக்கச் சொல்றது?"

"சொன்னேன். அவியெல்லாம் உங்க சொந்தக்காரங்க, வேற எப்படிச் சொல்லுவாங்கன்னு கேட்டுட்டாங்க." செம்பைக் கீழே வைத்தார். "உன்ற மேல ஒரு தப்பும் இல்ல. சொல்லோணும்னு வந்தேன்."

தப்பில்லை என்று ஒருத்தர் நம்மிடம் வந்து சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான் வெட்கம். முறைப்படி மேளம் கொட்டித் தாலி வாங்கியவள், ஊருக்குத் தெரியாமல் ஓடி வந்தவள் மாதிரி அடுப்படியில் போய் ஒளிந்துகொண்டேன். அதற்குப் பலி என் தங்கையா?

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த மாமனார் அன்று சாயங்காலம் மகனைக் கூப்பிட்டார். "புதுசே வாங்கிரு" என்றார். அவ்வளவுதான். அவர் அப்படிச் சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

புதுப் பெட்டி வந்தது. பழையதை என் வீட்டுக்காரர் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தார். பொத்தானைத் தொட்டதும் வண்டி சிலிர்த்துக்கொண்டு கிளம்பியது, கொட்டகைக் கோழியெல்லாம் பறந்தது. "இதுலயே பையன் ஊட்டுக்குப் போவோம். நேர்ல பாத்துப் பேசினாப் புரிஞ்சுக்குவாங்க" என்றார் என் வீட்டுக்காரர். முதலில் எங்கள் ஊருக்குப் போய் அப்பாவை ஏற்றிக்கொண்டோம். வண்டி ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. நானும் கொஞ்சம் தைரியமாகத்தான் போனேன்.

பையனுடைய அம்மா களத்தில் நிலக்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். நல்ல ஆகிருதி. வாங்க என்று முறையாகக் கூப்பிட்டு, மோர் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏனுங் தம்பி, இத்தனை ஜம்முனு வந்து நிக்கிற வண்டியையா அன்னைக்குத் தள்ளினோம்ங்கறீங்க?"

"அன்னைக்கு இருந்தது பழைய பேட்டரிங்க. இப்பப் புதுசு மாத்தியிருக்கறோமுங்க."

"சரிங்க, அந்தப் பழசு எங்க?"

"பட்டறையில போட்டுட்டு வந்துட்டேனுங்க."

"ஓஹோ" என்றார் அந்த அம்மாள். அந்த ஓஹோவில் எல்லாம் இருந்தது. எங்கள் கதைக்கு இருந்த ஒரே சாட்சியைச் சேலத்தில் எறிந்துவிட்டு, அந்தக் கதையைப் பொய்யாக்குகிற வண்டியிலேயே ஏறி வந்திருக்கிறோம்! என் வீட்டுக்காரர் காதுமடல் சிவக்க நின்றார். அப்பா களத்து மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தங்கை பூத்தொடுத்துக்கொண்டு சிரிப்பது கண்ணில் வந்தது.

நான் வாயைத் திறந்தேன். "தள்ளிக் காட்டறோமுங்க."

"என்னது அம்மிணி?"

"அந்தப் பெட்டியோட ஒயரைக் கழட்டிட்டாப் பழைய கதைதானுங்க. நான் அன்னைக்கு மாதிரியே உள்ள உக்காந்துக்கறேன். இவிய தள்ளட்டும். பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பலகையைத் தூக்கி ஒயரைக் கழற்றினார். பொத்தானை அமுக்கினார், சத்தமே இல்லை. அந்த அம்மாளையும் கூப்பிட்டு அமுக்கச் சொன்னார். அவர் கட்டை விரலால் இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார். அக்கம்பக்கத்துக் களத்து ஆட்களெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

நான் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அன்றைக்காவது இறங்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு நானே கேட்டு வாங்கிக்கொண்ட உட்காரல். கழுத்திலிருந்து சூடு காதுக்கு ஏறியது. கதவு வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங் வளையத்தைத் திருப்பிக்கொண்டே என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் தள்ளினார். பின்னால் அப்பா.

இந்தத் தடவை நான் திரும்பிப் பார்த்தேன். பின்பக்கத்துச் சின்னக் கண்ணாடி வழியாக அப்பாவின் முகம் மட்டும் தெரிந்தது. பல்லைக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. கல்யாணத்தன்றும் இப்படித்தான் இருந்திருப்பார். சந்தை பூராவும் பார்த்த முகம், நான் மட்டும் பார்க்காத முகம்.

களத்து விளிம்பில் சக்கரம் மண்ணில் இறங்கி நின்றுவிட்டது. இரண்டு பேர் தள்ளியும் அசையவில்லை. "அட, நகருங்க அக்கட்ட!" என்று ஒரு குரல். அந்த அம்மாள் சேலையை ஏத்திச் செருகிக்கொண்டு வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் கையை வைத்தார். ஒரு தம் பிடித்துத் தள்ளினார். வண்டி மேலே ஏறியது. அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"அடக் கெரகமே, இத்தனை கனமா! இந்த வண்டியைத் தள்றவனுக்குப் பொண்ணைத் தள்றதுக்குத் தெம்பு ஏதுங்க?"

களம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். உள்ளே நான் சேலைத் தலைப்பில் முகத்தை மூடிக்கொண்டேன். சிரிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அங்கேயே சம்பந்தம் நிச்சயமாயிற்று. ஒயரை மாட்டிக்கொண்டு திரும்பும்போது அப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். உள்ளங்கைகளில் வண்டி அழுக்கு கறுப்பாக அப்பியிருந்தது. வேட்டியில் துடைக்கத் தோன்றாமல் மடியில் மல்லாத்தி வைத்திருந்தார். என் முந்தானையை எடுத்துத் துடைத்துவிட்டிருக்கலாம். எனக்குக் கை எழவில்லை. "நல்ல வண்டி அம்மிணி" என்றார், என்னைச் சமாதானப்படுத்துகிறவர் மாதிரி.

தங்கையின் கல்யாணத்துக்கு அதே கார் போயிருந்தது, புதுப் பேட்டரியோடு, பொத்தானைத் தொட்டால் கிளம்பும்படி. சம்பந்தியம்மா அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்க ஊட்டுக்குப் பொண்ணு மாட்டு வண்டியிலயே வரட்டுமுங்க. ஊர் எல்லையில எறங்கி அவளா நடந்து வரட்டும். கால் தரையில பட்டா எங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

தங்கை அப்படியே நடந்துதான் போனாள். அப்பா அவளுக்குப் பின்னால், தள்ள எதுவும் இல்லாமல், வெறும் கையை வீசிக்கொண்டு போனார். நாங்கள் காரில் மெதுவாக அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்தோம். ஏறிக்கொள்ளுங்கள் என்று நான் அவரைக் கூப்பிடவே இல்லை.