படத்தில் இல்லாதது

ஜப்பானின் நோட்டோ கடற்கரையில் மீன் காயவைத்துப் பிழைத்த சுகியேவுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே இன்னொரு வேலையும் இருந்தது. கணவன் கன்சபுரோ மையில் படம் வரைவான். ஓரத்தில் அவள் மூன்று வரிக் கவிதை எழுத வேண்டும். ஒருமுறை கொக்குப் படத்தில் கொக்கைப் பற்றியே எழுதிவிட்டாள்.

"கொக்குதான் கண்ணுக்குத் தெரியுதே, அத எதுக்குடி எழுதற? படத்துல இல்லாதத எழுது!" என்று தாளைக் கிழித்துப் போட்டான். நாலு பேர் பார்க்கக் கிழித்தான், படுபாவி.

பிறகு அவர்களுடைய ஒரே மகன் யாசுஜி மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. கன்சபுரோ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பனிக்காலத்தில் ஒரு படம் வரைந்து அவள் பக்கம் தள்ளினான். அதில் யாசுஜியின் படகு கரை சேர்ந்துகொண்டிருந்தது. யாசுஜி கையசைத்துக்கொண்டிருந்தான்.

"எழுது. நல்லதா நாலு வார்த்த எழுது."

"படத்துல இல்லாததத்தானே எழுதணும்? நீங்க சொன்னதுதான்."

சுகியே எழுதினாள்:

உள்ளே யாருமில்லாத கல்லறை
அதன்மேலும்
பனி விழுகிறது

கன்சபுரோ தாளை எடுத்துப் படித்தான். இந்த முறை கிழிக்கவில்லை.

"சரியாத்தான் எழுதியிருக்க" என்றவன், அவள் கையிலிருந்த தூரிகையை வாங்கி அடுப்பில் போட்டான்.