மூன்று பவர் வார்த்தைகள்

திமிர் பிடித்த ஆளைப் பார்த்து 'அகராதி பிடிச்சவன்' என்று திட்டுவோம் இல்லையா, என் அத்தானுக்கு அது நிஜமாகவே பிடித்தது. முப்பத்தொன்பதாவது வயதில், ஆயிரத்து இருநூறு பக்கத்தில், கெட்டி அட்டை போட்டுப் பிடித்தது. திமிர் மட்டும் கடைசிவரை பிடிக்கவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம், அவர் முகத்துக்கு நேரே நான் சொல்லாத விஷயமும்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவர் வேலை. அதே கடையில் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஃப்ரேம் காட்டுவதும் வாயடிப்பதும் என் வேலை. உள்ளே ஓர் அறை. ஓர் உயரமான நாற்காலி, ஒரு ஸ்டூல், சுவரில் எழுத்துப் பலகை, வெல்வெட் பெட்டியில் வரிசையாக லென்ஸ்கள். அந்த ஸ்டூலில் உட்கார அத்தானுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. முதலில் ஃப்ரேமுக்கு ஸ்க்ரூ முடுக்கினார், பிறகு லென்ஸ் தேய்த்தார், பிறகு சாயங்கால வகுப்பில் டிப்ளமோ படித்தார். பரீட்சை ஆங்கிலத்தில் இருந்ததால் ஒரு முறை கோட்டை விட்டார். வருகிறவர்கள் எல்லோரும் 'டாக்டர்' என்று கூப்பிடுவார்கள். 'டாக்டர் இல்லைங்க' என்று ஒவ்வொருவரிடமும் திருத்துவார்.

ஆங்கிலத்தோடு அவருக்கு ஒரு பழைய பாக்கி இருந்தது. இருபத்திரண்டு வயதில் ஒரு மருந்துக் கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போயிருக்கிறார். எதிரே மூன்று கோட்டுகள். நடுவில் இருந்தவர், "நீங்கள் மெட்டிகுலஸான ஆளா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்த வார்த்தையை அத்தான் அதற்கு முன் கேட்டதே இல்லை. கேட்டவர் முகம் கடுகடுவென்று இருந்ததால் ஏதோ கெட்ட பழக்கம் என்று முடிவு கட்டி, "நோ சார், நெவர் சார். எங்க குடும்பத்திலேயே யாருக்கும் கிடையாது சார்" என்று சொல்லிவிட்டார். எதையும் நுணுக்கமாகச் சரிபார்க்கிற ஆள் என்று அதற்குப் பொருள் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. பூட்டிய பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்க்கிற மனிதர் அவர். 'தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்' என்று பதினேழு வருஷம் புலம்பினார்.

கடைக்குப் பின் சந்தில் ஒரு வாசகசாலையை மூடினார்கள். புத்தகங்களை வாசலில் அடுக்கி, வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். சமையல் புத்தகங்களும் துப்பறியும் கதைகளும் அரை மணி நேரத்தில் காலி. சீந்துவாரில்லாமல் கிடந்தவை ஐந்து தடிமனான ஆங்கிலக் கட்டுரைத் தொகுதிகளும் ஓர் அகராதியும். அவற்றை அத்தான் இரண்டு நடையாகச் சுமந்து வந்தார்.

அதிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகவே கடைக்கு வந்து, அந்த உயர நாற்காலியில் தானே உட்கார்ந்து, பரிசோதனை விளக்கைத் தன் பக்கம் திருப்பி, ஒரு கட்டுரை படிப்பார். குடையைத் தொலைப்பதைப் பற்றிப் பதினோரு பக்கம். பக்கத்து வீட்டு நாற்காலியைப் பற்றி ஒன்பது பக்கம். வேலை வெட்டி இல்லாமல் இருப்பது எப்படி என்று ரொம்ப வேலை மெனக்கெட்டு ஒருவர் இருபது பக்கம் எழுதியிருந்தார். நானும் ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். முதல் வாக்கியம் அந்தப் பக்கம் முடிகிறவரை முடியவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

புது வார்த்தை வந்தால் உடனே அகராதியைத் திறக்க மாட்டார். முன்னும் பின்னும் படித்து மூன்று முறை அர்த்தத்தை ஊகிக்க வேண்டும், பிறகுதான் அகராதி. பிறகு வார்த்தையையும் அது வந்த வாக்கியத்தையும் துண்டுச் சீட்டில் எழுதி, லென்ஸ் வருகிற காகித உறையில் போடுவார். உறையின் மேல் பவர் எழுதுவார். லேசான வார்த்தை என்றால் ஒன்று, கொஞ்சம் கடினம் என்றால் இரண்டு, வாயில் நுழையாதது மூன்று. "வாயாடி, இன்னைக்கு ஒரு மூணு பவர் வார்த்தை மாட்டிச்சு" என்று அவர் வெளியே வரும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். லாட்டரி விழுந்தவர்கூட அப்படிச் சிரிக்க மாட்டார். மாட்டிய வார்த்தையை அன்றைக்குள் உயிருள்ள ஒரு மனிதர்மேல் பிரயோகித்துவிட வேண்டும் என்று கடைசியாக ஒரு விதி. எங்கள் குடும்பம் உருக்குலைந்தது அந்த விதியால்தான்.

"சாப்பாடு எப்படி இருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"எக்ஸ்க்விசிட்" என்றார் அத்தான்.

அக்கா என்னைப் பார்த்தாள். "உப்பு போதலையாம்" என்றேன். அடுத்த இரண்டு நாள் அக்கா உப்பை அள்ளிக் கொட்ட, அத்தான் வாயே திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். மூன்றாம் நாள், அதற்குப் 'பிரமாதம்' என்று பொருள் எனத் தெரிந்து அக்கா என்னைக் கரண்டியோடு துரத்தினாள்.

இதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. அவர் அட்டையை மாற்றினார்.

கிட்டத்தில் படிக்கிற பவரைப் பார்க்க, கையில் ஓர் அட்டை கொடுப்பார்கள். மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சின்ன எழுத்து. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். எந்தப் பக்கம் வேண்டும் என்று அத்தான் கேட்பார். இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தமிழ்ப் பக்கம் கேட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நாற்காலி உயரம், எதிரே வெள்ளைக் கோட்டு, வாய் தானாகவே 'இங்கிலீஷ்' என்றுவிடும். பழைய அட்டையில் ஒரு பசுமாடு, ஒரு மழை, நனைந்த ஒரு விவசாயி. வருஷக்கணக்கில் அதே மாடு. வருகிறவர்களுக்கெல்லாம் மனப்பாடம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டே கடைசி வரிவரை ஒப்பித்தார். அதனால் ஆங்கிலப் பக்கத்தை மாற்ற வேண்டும் என்று அத்தான் சொன்னதில் நியாயம் இருந்தது. மாட்டுக்குப் பதிலாக, குடையைத் தொலைத்தவரின் கட்டுரையிலிருந்து ஒரு பத்தியை எடுத்து அச்சடித்ததில்தான் வினை. அதில் பாதி வார்த்தை மூன்று பவர்.

அடுத்த நான்கு மாதத்தில் எங்கள் தெருவின் கண்கள் மளமளவென்று கெட்டன. நாற்பது வயதுக்காரர்களுக்கு அறுபது வயதுப் பவர். "மங்கலா இருக்கு" என்பார்கள். அத்தான் பவரை ஏற்றுவார். "இன்னும் மங்கல்தான்." இன்னும் ஏற்றுவார். அவருக்கே ஆச்சரியம். செல்போனைப் பார்த்துப் பார்த்துத்தான் இப்படி என்று முடிவுக்கு வந்து, தன் வாழ்நாளின் முதல் ஆங்கிலக் கட்டுரையை எழுதினார். கண்களுக்கு அந்தி சீக்கிரம் வந்துவிட்டது என்ற பொருளில் தலைப்பு. லென்ஸ் கம்பெனியின் பத்திரிகைக்கு அனுப்ப, அவர்களும் புகைப்படத்தோடு அரைப் பக்கம் போட்டுவிட்டார்கள்! முதலாளி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினார். அக்கா வந்து பார்த்துவிட்டு, படம் நன்றாக இருக்கிறது என்று அழுதாள்.

முதலாளியும் அந்த அட்டையில்தான் சோதித்துப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கடைப் படிக்கட்டில் காலைத் துழாவித் துழாவி இறங்கினார். படிதான் கோணல் என்று கொத்தனாரை வரவழைத்துக் கத்தினார். கொத்தனார் மட்டப்பலகை வைத்துக் காட்டினார். மட்டப்பலகையும் கோணல் என்றார் முதலாளி.

குட்டு உடைந்தது தையல்காரரால். கண்ணாடி வாங்கி ஒரு வாரத்தில் தலைவலி என்று வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பில்லை வாங்கிப் பார்த்து, அடியில் எறும்பு சைசில் இருந்த தன் போன் நம்பரில் ஒரு எண் தப்பு என்றார்.

"அண்ணே, இதைக் கண்ணாடி இல்லாமயா படிச்சீங்க?"

"ஆமாம்மா. ஊசியில நூலே கோக்கிறேன், இது என்ன?"

"அப்புறம் உள்ள மங்கலா இருக்குன்னு சொன்னீங்களாமே?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "எழுத்து பளிச்சுன்னுதாம்மா இருந்துச்சு. வார்த்தைதான் ஒண்ணுகூட வாயில வரல. டாக்டர் முன்னாடி இங்கிலீஷ் வராதுன்னு எப்படிச் சொல்றது? மங்கல்னு சொல்லிட்டேன். கண்ணு கெட்டுப்போறதுல ஒண்ணும் அவமானம் இல்ல பாருங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. எதிர் வரிசை மருந்துக்கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். முதலில் முறைத்தார், பிறகு அவரும் அதையேதான் சொன்னார். பள்ளி வேன் ஓட்டுகிறவரும் அப்படியே.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அத்தானிடம் சொன்னேன். பதிவேட்டை எடுத்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். அட்டை மாற்றிய பிறகு, வயதுக்கு மீறிப் பவர் ஏறியவர்கள் நாற்பத்தொரு பேர். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டார்.

"அத்தான், யாருக்கும் சொல்ல வேணாம். பழைய மாட்டையே போட்டுருவோம். இலவசமா இன்னொரு தடவை பாக்கறோம்னு எல்லாரையும் கூப்பிட்டு மாத்திக் குடுத்துரலாம்."

"முதலாளியைக் கேக்காம நாப்பத்தோரு ஜோடி லென்ஸை எப்படி மாத்தறது? அதுவுமில்லாம, அவரும் அதுல ஒருத்தர்."

அங்கேதான் சிக்கல். தப்பை ஒப்புக்கொண்டால் ஸ்டூல் போகும். அதைவிட, தப்பு என்ன என்று விளக்குவதற்கு, 'உங்களுக்கு அந்த ஆங்கிலம் படிக்க வரவில்லை' என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். கடைப் பெயர்ப்பலகையில் ஓர் ஆங்கில எழுத்தைத் திருத்தப் பார்த்த பெயின்டரை ஏணியில் நிற்கும்போதே வேலையை விட்டு நிறுத்தியவர் அவர். 'பேசாம இருங்க அத்தான், உங்க ரெண்டு பிள்ளைகளை நினைச்சுப் பாருங்க' என்று நான் கெஞ்சினேன். அவர் வெளியே வந்து, சுவரிலிருந்த தன் கட்டுரையைக் கழற்றி மேஜைக்கு அடியில் வைத்தார்.

சாயங்காலம் முதலாளி படிகளைத் திட்டிக்கொண்டே வந்தார். "ஒரு நிமிஷம் உள்ள வாங்க முதலாளி, உங்க பவரை இன்னொரு தடவை பாக்கணும்" என்றார் அத்தான். பதிவேட்டை எடுத்து வரச் சொல்லி என்னையும் கூப்பிட்டார்.

பவரே இல்லாத வெறும் கண்ணாடியைச் சோதனைக்கான இரும்பு ஃப்ரேமில் செருகி முதலாளிக்கு மாட்டிவிட்டு, அட்டையின் ஆங்கிலப் பக்கத்தைக் கொடுத்தார்.

"மங்கலா இருக்குப்பா" என்றார் முதலாளி, கண்ணைச் சுருக்கி.

அத்தான் அட்டையைத் திருப்பித் தமிழ்ப் பக்கத்தைக் காட்டினார். முதலாளி தடதடவென்று படித்தார். கடைசி வரி வரை படித்தார். அதற்கும் கீழே, ஓரத்தில், அச்சகத்தின் முகவரியையும் சேர்த்துப் படித்தார். படித்து முடித்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. காது இரண்டும் சிவந்தன. நான் பதிவேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"என்னை முட்டாளாக்கறியா?"

"இல்ல முதலாளி." அத்தான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். "நான்தான் முட்டாள். அந்த அட்டை படிக்கவே முடியாத அட்டை. என்னால நாப்பத்தோரு பேருக்குத் தப்பான பவர் போயிருக்கு. வேலையை விட்டு அனுப்பறதுன்னா அனுப்புங்க. ஆனா அதுக்கு முன்னாடி அவங்களுக்கு மாத்திக் குடுத்துடணும்." பிறகு, நான் இந்தக் கடைக்கு வந்த நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்டிராத ஒன்றைச் சொன்னார். "அதுல மூணாவது வரியில ஒரு வார்த்தை இருக்கு. எனக்கே அதுக்கு அர்த்தம் தெரியாது. நாலு தடவை தேடிட்டேன். புரிஞ்ச மாதிரிதான் அட்டையில போட்டேன்."

முதலாளி அந்த இரும்பு ஃப்ரேமைக் கழற்றினார். அத்தானை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கேவா?"

"எனக்கேதான்."

"எது? இதுவா?" அட்டையை ஆங்கிலப் பக்கம் திருப்பி விரல் வைத்தார். "சரி, அதை விடு. அதுக்கு முன்னாடியே பதினொண்ணு எனக்குப் புரியல."

நான்தான் முதலில் சிரித்தேன். அடக்கத்தான் பார்த்தேன், பதிவேட்டுக்குள் தும்மல்போல் வெடித்துவிட்டது. அடுத்து முதலாளி, உயர நாற்காலி கிறீச்சிடக் குலுங்கினார். அத்தான் மட்டும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததை முதலாளி பார்த்தார். எழுந்திரு என்று சொல்லவில்லை.

"நாப்பத்தோரு பேரையும் நாளையிலேருந்து வரச்சொல்லும்மா" என்றார் என்னிடம். "இவன்தான் கெடுத்தான், இவனே பாக்கட்டும். இப்ப வெளிய போய்க் கதவைச் சாத்து."

சாத்தினேன். கதவில் காதை வைத்தேன். வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள், அவர்களில் இரண்டு பேர் என்னோடு சேர்ந்து காதை வைத்தார்கள். உள்ளே முதலாளி ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப்போல எழுத்துக் கூட்டி ஒரு வார்த்தையைப் படித்து, "இது என்னப்பா?" என்று கேட்டார். அத்தான் சொன்னார். "இது?" அதையும் சொன்னார். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். பதினொன்று வரை ஒழுங்காகப் போயிற்று. பன்னிரண்டாவதில் அகராதியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அத்தான் ஓர் அர்த்தம் சொன்னார், முதலாளி அது இருக்கவே முடியாது என்று வேறொன்று சொன்னார், இரண்டு பேரும் சண்டை போட ஆரம்பித்தார்கள்.