டோர்ச்சுக்கென்று தைத்த வளையம்

என் தங்கை அந்த நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய் நாலாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தம் இரண்டு வருடத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் எஜமானி பாஸ்போர்ட்டைத் தரவில்லை. அது கைக்கு வராமல் அவளால் ஊருக்கு வர முடியாது. நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

நான் பிலிமத்தலாவைப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறேன். அம்பிட்டியவிலிருந்து தினமும் இரண்டு பஸ் பிடித்துப் போகிறேன், பதினொரு வருடமாக. எங்கள் கம்பெனி நேர்மைக்குப் பேர்போனது. வாசலில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். காலையில் மெஷின் போடுவதற்கு முன்னால் ஒரு பச்சைப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை மைக்கில் வாசிப்பார்கள். இங்கே சிறுவர்களை வேலைக்கு வைப்பதில்லை, யாரையும் திட்டுவதில்லை, குடிக்க நல்ல தண்ணீர் உண்டு என்று போகும். சிங்களத்தில் ஒருத்தி வாசிப்பாள், தமிழில் நான். எனக்கு அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வரும் நாட்களில் தொண்டையைச் செருமிக்கொண்டு தனிக் குரலில் வாசிப்பேன்.

போன வருடம் தங்கை இருக்கும் நாட்டிலிருந்தே பெரிய ஓடர் ஒன்று வந்தது. மண் நிறக் காற்சட்டை. பெரிய கடைகளில் நிற்கும் காவல்காரர்களுக்காம். எங்கள் நலன்புரி அதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர், ஒவ்வொரு லைனாக வந்து சொன்னார். இடுப்பில் டோர்ச் செருக ஒரு துணி வளையம் வைக்க வேண்டும். மாதிரிக் காற்சட்டையை வாங்கி இழுத்துப் பார்த்தேன். வளையம் கையோடு வந்துவிட்டது. அடியில் இன்னொரு துண்டுத் துணி கொடுத்துக் குறுக்கே இரண்டு தையல் போட்டால் யானை இழுத்தாலும் வராது என்று நான்தான் சொன்னேன். அந்த மாதத்தின் சிறந்த யோசனை என்று என் படத்தைச் சுவரில் மாட்டினார்கள். தங்கையிடம் போனில் பீற்றிக்கொண்டேன்.

"ஒங்க ஊரு ஆளுங்க போடப்போற காச்சட்டடி, ஒங்கக்கா கைவேல!"

அவளும் சிரித்தாள்.

சில மாதம் கழித்து, அவளும் அவளைப்போலவே மாட்டிக்கொண்ட வேறு சில பெண்களும் அங்கே தங்களை வேலைக்கு எடுத்த ஏஜென்சியின் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், ஊருக்குப் போக வேண்டும். கேட்டது அவ்வளவுதான். அந்த நாட்டில் நாலு பேர் சேர்ந்து நின்று எதைக் கேட்டாலும் குற்றம். பொலிஸ் வந்தது.

மூன்றாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடியோவில் கூப்பிட்டாள். இடக்கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. பார்த்ததுமே எனக்கு அழுகை வெடித்துவிட்டது.

"அழாதக்கா, கேளு. ஒரு பொலிசுக்காரன் இடுப்புலருந்து அடிக்கிற பொல்ல உருவ வந்தான். உருவ விடாம, அது செருகியிருந்த வளையத்த ரெண்டு கையாலயும் புடிச்சுத் தொங்குனேன். பிஞ்சிருந்தா பொல்லு கீழ விழுந்திருக்கும், நானும் ஓடியிருப்பேன். என்னா எழவுத் துணியோ, பிய்யவே இல்ல. உருவி இந்தக் கையிலயே போட்டான்."

கூட இருந்த பெண் எடுத்த படத்தை அனுப்பினாள். மண் நிறம். இடுப்பில் பொல்லு. வளையத்தின் குறுக்கே இரண்டு தையல். என் தையல் எனக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை பஸ்ஸை விட்டிறங்கி நேரே நலன்புரி அதிகாரியின் அறைக்குப் போனேன். இந்த மனிதரைத்தான் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி நினைத்திருந்தேன். தங்கை வெளிநாடு போகும்போது விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே அவர்தான். படத்தை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"சேர், இதுவா டோர்ச்சு?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல்ல கதிரையில இருங்கோ பிள்ளை."

"நான் ஒக்கார வரல. ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"ஓம், தெரியும். ஓடர் தாளில பொலிஸ் எண்டுதான் கிடந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டு மேலிடத்தில சொன்னவை."

"எந்தங்கச்சி அங்க இருக்கான்னு தெரியும்ல?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்: "நாங்கள் தைக்காட்டி வேற நாட்டுக்காரர் தைப்பினம் பிள்ளை. அது அரசாங்கம். என்னத்துக்கு வாங்கிறியள் எண்டு அரசாங்கத்திட்ட ஆர் கேக்கிறது?"

"அப்ப அந்தப் பச்சப் புத்தகம்?"

"அது உள்ளுக்க வேலை செய்யிற ஆக்களுக்கு."

அடப்பாவி மனுசா! நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான். தைக்கிறவளைப் பற்றி அந்தப் புத்தகத்தில் அத்தனை பக்கம். போடுகிறவன் யார், அதைப் போட்டுக்கொண்டு என்ன செய்வான் என்று ஒரு வரி கிடையாது. நானே தினமும் வாசித்தேன், எனக்கும் அது தோன்றவில்லை. வேறு நாட்டுக்காரன் தைத்தால் தைத்துக்கொண்டு போகட்டுமே! எப்படியும் ஒருவன் அடிக்கத்தான் போகிறான் என்பதற்காகப் பொல்லை நானா எடுத்து நீட்ட வேண்டும்? கேட்பதற்குத் துணிவில்லாத கம்பெனிக்கு நேர்மை என்று வாசலில் எழுத மட்டும் எங்கிருந்து துணிவு வந்தது? எனக்குக் குடிக்க நல்ல தண்ணீர் கொடுத்து, என் கையாலேயே என் தங்கையின் கையை உடைத்துவிட்டார்கள். சுவரிலிருந்த என் படத்தைப் பிடுங்கிக் கைப்பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன். இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று நினைத்தேன்.

மாலையில் தங்கையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வளையத்துக்கு யோசனை சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். வேலையை விட்டுவிட்டேன் என்றும் சொன்னேன்.

"அக்கா."

"சொல்லுடி."

"வேலைய விட்றாத. பாஸ்போட்டு கெடச்சா எனக்கு டிக்கெட்டு போட ஒன்ன விட்டா யாருக்கா இருக்கா?"

மறுநாள் போனேன். அதே நாட்டிலிருந்து இரண்டாவது ஓடர் வந்திருந்தது. யோசனை சொன்னவள் நான்தானே என்று வளையம் தைக்கும் மெஷினில் என்னை உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தேன்.