புதன்கிழமைக் கொழுந்து

எனக்குப் பதின்மூன்று வயதில் நடந்த ஒன்றை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை. ஸ்கூல் பையோடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஸ்கூலுக்குப் போகிற பாதை பெரட்டுக்களத்தை ஒட்டித்தான் போகும். விடிகாலையில் ஆட்கள் வரிசையாக நிற்க, கங்காணி பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம் அது. அன்றைக்குக் கூப்பிட்ட பேர்களில் என் பேரும் இருந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் வரிசையில் நின்ற என் அப்பா ஐயாவு, "இருக்கான்" என்றார். அவ்வளவுதான். அம்மா செத்து முப்பது நாள்கூட ஆகவில்லை. நாங்கள் குடியிருந்த தோட்டத்து ஒற்றை அறைக் காம்பரா கையை விட்டுப் போகாமல் இருக்க வீட்டிலிருந்து இன்னொரு ஆள் வேலைக்கு வேண்டும் என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. பையைக் களத்து ஓரத்தில் வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றேன். ஏழாம் வகுப்பு அத்தோடு சரி.

முப்பத்தாறு வருசம் ஆகிவிட்டது. இப்போது அதே களத்தில் பேர் கூப்பிடுகிற கங்காணி நான்தான்.

நான் சொல்ல வந்தது என் கதை இல்லை. பக்கத்துக் காம்பரா ஜீவராணியின் கதை. வயது முப்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. அம்மா அழகம்மாவோடு இருக்கிறாள். றக்வானையிலிருந்து மேலே ஏறி வருகிற ரோட்டில் பதினோராவது முடக்கு வளைவுக்குப் பக்கத்தில் எங்கள் லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசை வீடுகள். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரைவரைக்கும் போகாது. அதனால் அவள் வீட்டில் கரண்டி விழுந்தால் என் வீட்டில் கேட்கும். சாயங்காலம் முழுக்க கீபோர்ட் தட்டுகிற சத்தம், ஓட்டுக்கூரையில் தூறல் விழுகிற மாதிரி வந்துகொண்டே இருக்கும்.

அந்தக் கம்ப்யூட்டர் கடையில் வாங்கினது இல்லை. றக்வானை டவுனில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற நுஹ்மான் நானா, தூக்கி எறிய வைத்திருந்த பெட்டிகளை இவளுக்குக் கொடுப்பார். மூன்று செத்த பெட்டியைப் பிரித்து உயிருள்ள ஒன்று செய்தாள். அதற்கு மூடி கிடையாது. "மூடினா சூடாயிரும் மாமா" என்பாள். திறந்து கிடந்த பெட்டிக்குள்ளே ஒரு தடவை பல்லி முட்டை வைத்துவிட்டது. அது பொரிந்து போகும்வரை அந்தப் பக்கத்தில் கை வைக்கவில்லை.

கழற்றின தகர மூடிகளில் மண் போட்டுக் கீரை விதைத்தாள். லயத்துக்குப் பின்னால், தண்ணீர் ஓடுகிற கானுக்கும் தேயிலைக்கும் நடுவில் நாலடி அகலத்தில் ஒரு துண்டு நிலம். போஞ்சி, கறிமிளகாய், கத்தரி, ஓரமாக வல்லாரை. குரங்கு வராமல் இருக்கப் பழைய சிடித் தட்டுகளைக் கயிற்றில் கட்டித் தொங்க விட்டாள். குரங்கு வந்து அதில் முகம் பார்த்துவிட்டுப் போஞ்சியையும் தின்றுவிட்டுப் போனது. ஒவ்வொரு செடிக்கும் ஒரு நம்பர். எப்போது நட்டது, எப்போது எரு போட்டது, எத்தனை காய் என்று எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறும்.

"கத்தரிக்கும் பேர் பதியிற செக்ரோல் போட்டுட்டியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போட்டுட்டேன் மாமா. ஒங்க ஆளுக மாதிரி இல்ல. இதுக ஒருநாளும் வராம இருந்ததில்ல."

லயத்து வயர் பழையது. அவள் ஈயம் ஒட்டுகிற கோலைச் சூடு பண்ணினால் எங்கள் டிவி அணைந்துவிடும். என் மனைவி விஜயகலா சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்துவாள். "அடியே ஜீவா! அந்தக் கோலை எடுடி, நாடகத்துல மருமக அழப்போற நேரம்!"

"அவ நேத்தும் அழுதா அத்தே, நாளைக்கும் அழுவா. ரெண்டே நிமிசம்."

இதற்கு நடுவில்தான் படிப்பு. தபாலில் பாடம் வரும். சனிக்கிழமை இரத்தினபுரியில் வகுப்பு. வகுப்பு தவறினால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். மூன்று வருசம் முடித்துவிட்டாள், இன்னும் ஒரு வருசம் இருந்தால் கம்ப்யூட்டர் பட்டம். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இங்கிலீசில் சத்தமாகப் படிப்பதைக் கேட்டுக் கேட்டு விஜயகலாவுக்கே நாலு வார்த்தை பாடமாகிவிட்டது.

போன வருசம் மழையில் அழகம்மா அக்கா மலையிலிருந்து இறங்கும்போது கல்படியில் வழுக்கி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். அன்றைக்குப் படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை. ஒரு மாதம் பொறுத்துத் தோட்டத்து ஒபிசிலிருந்து ஆள் வந்தது. காம்பராவில் இருக்க வேண்டுமென்றால் ஒரு பேராவது வேலைக்கு வரவேண்டும். எலும்பு உடைந்தவரைத் தூக்கிக்கொண்டு வேறு எங்கே போவது? ஜீவராணி பேர் கொடுத்தாள்.

அன்றைக்குக் காலையில் அவள் பேரைக் கூப்பிட்டது நான். அவளே "இருக்கேன்" என்றாள்.

வாரத்தில் நாலு நாள் வருவாள். புதன்கிழமை அம்மாவைக் குளிப்பாட்டி, பாடம் எழுதுகிற நாள். சனிக்கிழமை வகுப்பு. அந்த இரண்டு நாளுக்கும் என் கேங்கில் இருந்த பொம்பளைகள் ஒரு வழி செய்தார்கள். எங்கள் மலையில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. யாருக்காவது முடியாமல் போனால், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்தை அவள் பையில் போட்டு, அரை நாள் சம்பளமாவது விழுகிற மாதிரி அரைப் பேர் ஆக்கிவிடுவார்கள். அழகம்மா அக்கா முப்பது வருசம் அப்படி ஊருக்கெல்லாம் பிடி போட்டவர். அதனால் யாரும் மறுக்கவில்லை. நிரோஷா மட்டும் வாய்க்காரி. "பட்டம் வாங்குனதும் படத்துல எங்க கையையும் போடச் சொல்லுங்க மாமா" என்பாள். சொல்லிக்கொண்டே இரண்டு பிடி போடுவாள். பையை நான் நிறுப்பேன். அவள் பேர் பதிந்த கார்டை நான்தான் தராசில் வைப்பேன். கார்டு என் சட்டைப் பையிலேயே இருக்கும்.

அந்தத் தராசு புதுசு. கார்டை வைத்து நிறுத்தால் எடை தானாக ஒபிஸ் கம்ப்யூட்டருக்குப் போகவேண்டும் என்று கொண்டுவந்தார்கள். மூன்று வாரமாக ஒன்றும் போய்ச் சேரவில்லை. டவுனிலிருந்து வந்தவர்கள் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். அப்போதுதான் கிளாக்கர் ஸ்ரீதரன் ஐயா, "நம்ம ஜீவராணியக் கூப்பிட்டுப் பாப்போமே" என்றார்.

அவள் ஒபிசுக்குப் போன நாள் ஒரு புதன்கிழமை.

நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனாள். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் எல்லாருக்கும் ஒரே நினைப்புத்தான். இவள் மெசினைச் சரியாக்கிவிட்டால் தோட்டத்தை நடத்துகிற தொரை ஒபிசிலேயே வைத்துக்கொள்வார். மலைக்கு வரவேண்டாம், சனிக்கிழமையும் கிடைக்கும். அந்தச் சந்தோசத்தில் பொம்பளைகள் அன்றைக்குப் பிடி பிடியாகப் போட்டார்கள். பத்தரை மணிக்குப் பை நிறைந்தது. நானும் எல்லாப் புதன்கிழமையும் செய்கிற மாதிரி சட்டைப் பையிலிருந்து அவள் கார்டை எடுத்துத் தராசில் வைத்தேன்.

கை பழகிப்போனது. அவள் எங்கே இருக்கிறாள் என்று தலை யோசிக்கவில்லை.

பதினொரு மணிக்கு ஒபிசுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. போனேன். ஜீவராணி திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தொரை. பின்னால் ஸ்ரீதரன் ஐயா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெசின் சரியாகிவிட்டது. மலையில் நிறுக்கிறது அந்த நிமிசமே இங்கே தெரியும் என்று அவளே தொரைக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்போது வந்து விழுந்த முதல் பேர் அவளுடையது. ஜீவராணி, ஒன்பது கிலோ.

தொரை கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். சிங்களத்தில் மெதுவாகத்தான் கேட்டார். "இந்தத் தங்கச்சி காலையிலிருந்து என் பக்கத்துல இருக்கு. மலையில கொழுந்து பறிச்சது யாரு?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கொழுந்து திருட்டு இல்லை, பொம்பளைகள் மனசாரப் போட்டது என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். "கொழுந்து சரி. ஆளு எங்க?" என்றார்.

அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அது பெரிய மனசாம். ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும்: ஆறு மாசத்துக்கு ஆறு நாளும் தவறாமல் வருவேன், ஒருநாள் தவறினாலும் காம்பராவை விட்டுவிடுகிறேன் என்று. ஆறு மாசத்துச் சனிக்கிழமை போனால் இந்த வருசப் பரீட்சை போச்சு. அடுத்த வருசம் திரும்பச் சேர்க்கிறது அவர்கள் இஷ்டம். ஸ்ரீதரன் ஐயாவுக்குக் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க வராது. அதனால் அந்தக் கடிதத்தை ஜீவராணியே அடித்தாள், அவள் சரியாக்கின அதே மெசினில். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற அதே சத்தம். இந்தத் தடவை ரொம்ப நேரம் ஆகவில்லை.

"ஒபிசுல எடம் ஒண்ணும் காலியில்லம்மா" என்றார் ஸ்ரீதரன் ஐயா. "மெசின் நின்னா கூப்பிடுவோம். அன்னைக்கு முழுப் பேர் போடச் சொல்றேன்."

"சரிங்க ஐயா" என்றாள்.

வருகிற வழியில் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. "என் தப்புதான் புள்ள" என்றேன்.

"எனக்கும் புதன்கிழமைன்னு ஞாபகம் இல்லையே மாமா. நல்ல சேலை கட்டுன சந்தோசம்."

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வந்தாள். சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. டிவி நாடகத்து மருமகள் தடங்கல் இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். விஜயகலா பாதியிலேயே டிவியை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை வெளிச்சம் போகிறதுக்கு முன்னால் பின்பக்கம் போனேன். போஞ்சிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காய்ச்சல்னு நான் சொல்லிக்கிறேன்" என்றேன். "நீ பஸ்ஸுல ஏறு. வர்றது வரட்டும்."

"தராசுக்குக் காய்ச்சல் தெரியாது மாமா. அம்மாவை எங்க தூக்கிட்டுப் போறது?"

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

வாளியைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். கீழே ஏதோ வண்டி முடக்கில் திரும்புகிற சத்தம் கேட்டது. அது அடங்குகிறவரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இரத்தினபுரி பஸ் நம்ம பெரட்டு நேரத்துக்குத்தானே போகுது? சனிக்கிழமை மட்டும் என் பேரைக் கடைசியாக் கூப்பிடுங்க மாமா. பஸ் முடக்கு தாண்டி, சத்தம் கேக்காமப் போனப்புறம் கூப்பிடுங்க. அதுக்கு முன்னால கூப்பிட்டா நான் பஸ்ஸைப் புடிக்க ஓடிருவேன்."