அழைக்காமல் வந்த மணி

சிங்காநல்லூரில் பொழுது இரண்டு நிமிஷம் பின்தங்கி நடக்கிறது என்று தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஒரு பேச்சுக் கிளம்பியது. ஆதாரம், பன்னிரண்டரை மணி ஈரோடு பஸ். அது நாள் தவறாமல் இரண்டு நிமிஷம் பிந்திப் புறப்பட்டது. குளத்துக் காற்று கடிகாரத்துக்குள் புகுந்துவிட்டது என்றார் ஒருவர். மில்லுக்காரர்கள் நேரத்தையும் நூற்று விற்கத் தொடங்கிவிட்டார்கள் என்றார் இன்னொருவர்.

விசாரித்துப் போனால், பஸ் நிலையத்தில் நேரம் பார்க்கும் சென்னிமலை வெறுங்கையைக் காட்டினார்.

"என்ற வாட்ச்சு நின்னு ரெண்டு வருசமாச்சுங்க. பள்ளிக்கூடத்து மணி கேட்டா வண்டிய எடுக்கச் சொல்லுவேன். அங்க போயிக் கேளுங்க."

பள்ளிக்கூடத்து மணி என்பது புங்க மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. அதை அடிப்பவள் ஆயா மயிலாத்தாள். பதினெட்டு வருஷமாக, ஒரு நாளைக்கு ஒன்பது தடவை. வீட்டில் அவள் சொல்லுக்கு எழுந்து தண்ணீர் கொண்டுவர ஆளில்லை. இங்கே அவள் கை அசைந்தால் முந்நூறு பேர் எழுந்து நிற்பார்கள். அந்தச் சுகம் அவளுக்கு மட்டும் தெரிந்தது.

அந்த ஜூனில் இரண்டாம் வகுப்பில் ஹுமேரா சேர்ந்தாள். மெத்தை தைக்கும் அக்பர் அலியின் மகள். அதற்குள் இரண்டு பள்ளிக்கூடங்கள் அவளை வெளியே அனுப்பியிருந்தன. யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். மில்லிலிருந்து ஜன்னல் வழியே மிதந்து வரும் பஞ்சுத் துணுக்கை, அது தரையில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். பிடித்த சொல் ஒன்றை ஒரே ராகத்தில் இருபது தடவை சொல்வாள். மணி அடித்தால்தான் வினை. அலறிக்கொண்டு சுவரில் தலையை முட்டுவாள், இல்லை ரோட்டுக்கு ஓடுவாள்.

ஆட்டிசம் என்று டாக்டர் எழுதித் தந்த சீட்டை அக்பர் அலி தலைமையாசிரியர் கோவிந்தராஜுலுவிடம் நீட்டினார். அந்தச் சொல் அப்போது சிங்காநல்லூருக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. அவர் சீட்டின் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அடுத்த மாசம் பள்ளிக்கூடத்தப் பாக்க அதிகாரி வர்றாருங்க பாய். அவர் முன்னால கத்துச்சுன்னா டி.சி.தான்."

"அதுக்குள்ள பழகிக்கும் ஸார்."

"முன்னால ரெண்டு பள்ளிக்கூடத்துலயும் இதத்தான் சொன்னீங்களாமா."

ஒரு மத்தியானம், பஞ்சுத் துணுக்கொன்றின் பின்னாலேயே ஹுமேரா புங்க மரத்தடிக்கு வந்துவிட்டாள். மயிலாத்தாள் சுத்தியலைத் தூக்கியாயிற்று. பக்கத்தில் ஆள் நிற்கும்போது ஒரு சொல் சொல்லாமல் எப்படி?

"கண்ணு, மணி அடிக்கப் போறனுங்க."

ஹுமேரா சுத்தியலைப் பார்த்தாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். மணி அடித்து ஓய்ந்தது. அலறல் இல்லை. காதைத் திறந்து "ஒண்ணு" என்று எண்ணினாள்.

மறுநாள் மயிலாத்தாள் வகுப்பு ஆசிரியை ராமாமணியிடம் போனாள்.

"ஏனுங் டீச்சர், கல்யாணத்துக்கு நேர்ல வந்து அழைக்காம பத்திரிகையத் தபால்ல போட்டா நாம போவமுங்களா?"

"போகமாட்டோம். இப்ப யாருக்குக் கல்யாணம்?"

"மணி மட்டும் சொல்லாம கொள்ளாம வந்தா புள்ளைக்குக் கோவம் வராதுங்களா?"

"அதுக்குன்னு தாம்பாளத் தட்டோட வந்து அழைப்பீங்களாக்கும்."

"தட்டு இல்லீங்க. வெறுங்கையோடதான் வரோணும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் முன்னால் மயிலாத்தாள் இரண்டாம் வகுப்பு வாசலில் போய் நின்றாள். "ஹுமேரா அம்மணி, மணி வருதுங்க." போக ஒரு நிமிஷம், வர ஒரு நிமிஷம். ஹுமேரா காதைப் பொத்துவாள். பக்கத்தில் உட்காரும் ரித்திகாவும் பொத்திப் பார்த்தாள். ஒரு வாரத்தில் வகுப்பே பொத்தியது. உள்ளங்கைக்குள் மழை தூரத்தில் பெய்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பாதிக் கணக்கில் சாக்பீஸ் நின்றது. வெயிலில் பஞ்சு இறங்க மனமில்லாமல் மிதந்தது. யாருக்கும் சொந்தமில்லாத அந்த இரண்டு நிமிஷத்தில் ஈரோடு பஸ் சும்மா உறுமிக்கொண்டிருக்க, தவறவிட வேண்டியவர்கள் நிதானமாக நடந்துவந்து ஏறினார்கள்.

அதிகாரி அங்கப்பன் வந்தார். பெருந்துறைப் பக்கத்துக்காரர். சரியாகப் பன்னிரண்டரைக்கு மரத்தடியில் நின்று வாட்ச்சைப் பார்த்தார்.

"நேரமாச்சுங்கம்மா, அடிங்க."

மயிலாத்தாள் இரண்டாம் வகுப்பு வாசலைப் பார்த்தாள். கோவிந்தராஜுலுவைப் பார்த்தாள். அவர் மரத்தைப் பார்த்தார். அவள் அடித்துவிட்டாள்.

அலறல் வாசலைத் தாண்டி வந்தது. ஹுமேரா ஓடிவந்து மயிலாத்தாள் எதிரே நின்று தன் தலையிலேயே குத்திக்கொண்டாள். கோவிந்தராஜுலுவின் கை சட்டைப் பையைத் தொட்டது. பாதி நிரப்பிய டி.சி. அங்கேதான் இருந்தது.

மயிலாத்தாள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். "சொல்லாம அடிச்சுப்போட்டனுங்க அம்மணி. தப்பு எம்மேலதானுங்க."

குத்து மெல்ல மெல்ல நின்றது. இதென்ன கூத்து என்று அங்கப்பன் கேட்க, அவள் அழைப்பு விவரத்தைச் சொன்னாள். அவர் பதிவேட்டைப் பிரித்தார்.

"எங்கண்ணன் மகன் அவன் கல்யாணத்துக்குப் பத்திரிகையத் தபால்ல போட்டுட்டான். ஆறு வருசமாச்சு, அவன் ஊட்டு வாசல நான் மிதிக்கல. இந்தப் புள்ள ஒரு சத்தத்தோட உட்டுப்போட்டுது."

பதிவேட்டில் எழுதினார்: மணி இரண்டு நிமிடம் தாமதம். காரணம் ஏற்கத்தக்கது. பிறகு கோவிந்தராஜுலு பக்கம் திரும்பினார்.

"ஆயா லீவுன்னா யாருங்க போயி அழைக்கறது? அதையும் எழுதி ஒட்டுங்க ஸார்."

கோவிந்தராஜுலு எழுதினார். கைக்குக் கிடைத்த காகிதம் அந்த டி.சி.யின் பின்பக்கம்.

அதிகாரி ஏற்றுக்கொண்டார். ஹுமேரா ஏற்றுக்கொள்ளவில்லை. அன்றைய கடைசி மணிக்கு அழைத்தபோது காதைப் பொத்தினாள், மணி ஓய்ந்ததும் திறந்தாள். "ஒண்ணு பாக்கி" என்றாள்.

மறுநாளும் அதேதான். விட்டுப்போன அந்த ஓர் அழைப்பைத் தீர்த்துவிடலாம் என்று மயிலாத்தாள் ஒரு நாள், ஒன்பது தடவை அடிக்கும் மணிக்குப் பத்துத் தடவை போய் அழைத்துப் பார்த்தாள்.

"அது வேற" என்றாள் ஹுமேரா, பஞ்சைப் பார்த்தபடி.

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. அந்த வாசல் மரத்திலிருந்து இன்னும் தூரம், பஸ் மூன்று நிமிஷம் பிந்துகிறது. ஒவ்வொரு சாயங்காலமும் "ஒண்ணு பாக்கி" கேட்கிறது.

"ஆமாங்க அம்மணி, இருக்குதுங்க" என்கிறாள் மயிலாத்தாள்.