செம்பரத்தை வேலியில் அரைப் பேர்

வலைப்பந்துக் குழுவில் தன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று சொல்ல மகள் அட்டன் டவுன் பள்ளிக்கூட ஹொஸ்டலிலிருந்து வந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே, கொழுந்துக் கூடை ஒன்று வேண்டும் என்றாள். கயிற்றோடு வேண்டுமாம்.

"எதுக்குடி? டான்ஸா?"

"அந்த மாதிரிதாம்மா. புதுசா டீமுக்கு வந்தவங்க செய்யணும்."

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பள்ளிக்கூட ஆசிரியை. பரிசளிப்பு விழாவில் கொழுந்தெடுக்கும் நடனம் வைக்காத பள்ளிக்கூடம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அதனால் மேலே எதுவும் கேட்கவில்லை. கொழுந்தெடுப்பவர்களின் லயத்தில் இருக்கும் அண்ணியிடம் பழைய கூடையொன்றை வாங்கிக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தேன்.

"நாம போகாட்டியும் நம்ம கூடையாச்சும் காலேஜுக்குப் போகுதே" என்றாள் அண்ணி.

அந்த வாரமே, மகள் ஆஸ்பத்திரியில் இருப்பதாக ஆள் வந்து சொன்னார்.

வலது முழங்கையில் மாவுக்கட்டு. நெற்றியில் கயிறு அழுத்திய சிவப்புக் கோடு, கழுத்தில் இன்னொன்று. சுவரைப் பார்த்துக்கொண்டேதான் நடந்ததைச் சொன்னாள்.

ஹொஸ்டலுக்குப் பின்னால் ஒரு செம்பரத்தை வேலி. குழுவுக்குப் புதிதாக வரும் டவுன் பிள்ளைகள் ஒரு பாட்டுப் பாடினால் போதும். தோட்டத்துப் பிள்ளைகள் இடுப்பில் சாக்கைக் கட்டி, கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு அந்த வேலியில் இலை பறிக்க வேண்டும். குழுத் தலைவி ஒரு கடைக்காரர் மகள். அவள் குடை பிடித்து, வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையாக நிற்பாள்.

"'ஏய் குட்டி, கை ஓடுதா தூங்குதா'ன்னாங்க. 'ஒங்கம்மா டீச்சராமே, அதான் ஒனக்கு வெரலு மறந்துபோச்சு'ன்னாங்க. கடைசியில கூடையத் தூக்கிப் பாத்துட்டு அரைப் பேருன்னுட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேம்மா."

எடுத்த கொழுந்து போதாது, இன்றைக்குப் பாதிச் சம்பளம்தான் என்பதற்கு அரைப் பேர் என்று சொல்வார்கள். என் அம்மா அதைக் கேட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கிய நாட்களில் யாரோடும் பேசமாட்டாள். மகளை அட்டனுக்கு அனுப்பியதே அந்தச் சொல் அவள் காதில் விழக்கூடாது என்றுதான்.

குறைந்த நிறைக்கு ஈடாகக் கூடையில் கல் போட்டார்களாம். அந்தக் கூடையோடு மைதானத்துப் படிகளில் இறங்கச் சொன்னார்களாம். வேடிக்கைக்காக ஒருத்தி பின்னாலிருந்து கூடையை இழுக்க, கயிறு நழுவிக் கழுத்தில் மாட்டியது. உருண்டு விழுந்தாள்.

"யாருடி இழுத்தது?"

"வேணாம்மா. சொன்னா டீம்ல இருக்க முடியாது."

கை முழுவதாக நீளாது என்று டாக்டர் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் டீமைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

மகளின் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை யாழ்ப்பாணத்தவர். என்னை மரியாதையாக உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்.

"இது பிள்ளையளின்ர விளையாட்டு, டீச்சர். வருசா வருசம் நடக்கிறதுதான். கூடையும் நீங்கள்தானே குடுத்து விட்டனீங்கள்?"

"நடனத்துக்குன்னு நெனச்சுக் குடுத்தேங்க."

"ஓம், அதுவும் ஒரு நடிப்புத்தானே. பிள்ளையள் நெருங்கிப் பழக வேணும்."

நான் யாரையும் விலக்கச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். புதிய பிள்ளைகள் குழுவில் சேரும் நாட்களில், விளையாட்டு முடிந்து அவர்கள் ஹொஸ்டலுக்குள் போகும்வரை ஓர் ஆசிரியை அங்கே நிற்க வேண்டும். அரைமணி நேரம் போதும். ஆசிரியைகளுக்கு வேறு வேலை இருக்கிறது, மைதானம் தலைவியின் பொறுப்பு என்றார். ஆனாலும் ஏதாவது செய்கிறேன் என்றார். செய்தார். செம்பரத்தை வேலியை வெட்டிவிட்டார்கள்.

கட்டுப் பிரித்த பிறகு மகள் திரும்பிப் போக மறுத்தாள். அடுத்த வருஷம் பெரிய சோதனை. அதில் பாஸானால் ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம். நின்றுவிட்டால் தோட்டத்தில் அவளுக்கு இருப்பது கொழுந்து மலை ஒன்றுதான்.

"விட்டுரு. பொம்பளப் புள்ள, படிச்ச வரைக்கும் போதும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்கும் தோட்டத்துல பேரு பதிஞ்சிருங்கம்மா" என்றாள் மகள். "அங்க பொய்யா பறிக்கிறதுக்கு இங்க நெசமாவே பறிச்சிட்டுப் போறேன்."

அவளை அடிக்கக் கை ஓங்கினேன். கோணிய அந்த முழங்கையை மறைத்துக்கொண்டு அவள் பின்வாங்கியதைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது. இரண்டு நாள் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் ஹொஸ்டல் வேண்டாம், விளையாட்டு வேண்டாம், தினமும் பஸ்ஸில் போய்வருவது என்று முடிவானது. குற்றம் செய்தவர்கள் பந்து எறிந்துகொண்டிருந்தார்கள். என் மகள் விளையாட்டு நேரத்தில் வாசிகசாலையில் உட்கார்ந்திருந்தாள். தடுப்பது என்று எங்களால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

தினமும் மாலை, அவள் பையைக் கீழே வைக்குமுன்பே கேட்பேன்: "யாரும் ஏதும் சொன்னாங்களா?"

"இல்லம்மா."

புது வருஷம் பிறந்து, புதுப் பிள்ளைகள் சேர்ந்த பிறகு ஒருநாள் அவள் 'இல்ல' என்று சொல்லவில்லை. அவளோடு அன்று வேலியில் இலை பறித்த பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான் இப்போது தலைவியாம்.

"இன்னைக்குப் பெரட்டு வச்சாம்மா. தோட்டத்துல காலையில வேலைக்கு ஆள் கூப்பிடுற மாதிரியே லைன்ல நிக்க வச்சு, ஒவ்வொருத்தியா பேரு கூப்பிட்டா. கைகட்டி 'வந்தேனுங்க ஐயா'ன்னு சொல்லணும். ஒரு சின்னப் புள்ள சொல்ல மாட்டேன்னு நின்னுச்சு. அத மட்டும் முட்டி போட வச்சுட்டா."

"நீ என்ன செஞ்ச?"

"படியில நின்னு பாத்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு. வந்துட்டேன்."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. கை முறிந்த அன்றைவிட அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

மறுநாள் லீவு சொல்லியனுப்பிவிட்டு அவளோடு பஸ்ஸில் ஏறினேன். பின்னேரம் விளையாட்டு நேரத்துக்கு மைதானப் படியில் போய் நின்றேன். நான் யாரிடமும் பேசவில்லை, யாரும் என்னைப் போகச் சொல்லவும் இல்லை. தலைவி இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். புதுப் பிள்ளைகள் விளையாடினார்கள். முடிந்ததும் பேசிச் சிரித்துக்கொண்டு ஹொஸ்டலுக்குள் போனார்கள். யாரும் யாரையும் வரிசையில் நிறுத்தவில்லை.

கடைசி பஸ்ஸில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "நாளைக்கும் வருவீங்களாம்மா?" என்று கேட்டாள். நாளைக்கு எனக்கு வகுப்பு இருந்தது.