பாம்புக்காதரும் காலையில் நின்றுபோகும் காரும்

முப்பது வருடமாக அந்தத் தெருவில் கார் பட்டறை நடத்தும் அவருக்குப் பெயரே பாம்புக்காது. பானட்டைத் திறக்கவே மாட்டார். வண்டி வாசலில் வந்து நிற்கும்போதே, "மூணாவது பிளக் போச்சு" என்பார். திறந்து பார்த்தால் மூன்றாவது பிளக்தான் போயிருக்கும். படிப்பு ஏறாத மனுஷனுக்கு ஆண்டவன் காதைக் கொடுத்துப் பிழைக்க வைத்தான் என்று அவர் மனைவியே சொல்வாள்.

அந்தக் காதுக்குத்தான் இந்தக் குளிர்காலத்தில் சோதனை வந்தது.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் பழைய காரைக் கொண்டுவந்து விட்டார். "காலையில ஸ்டார்ட் ஆகுது, அரை நிமிஷம் ஓடுது, செத்துப்போயிடுது. நாலஞ்சு தடவை மல்லுக்கட்டிட்டா அப்புறம் நாள் பூரா குதிரைதான். மூணு மெக்கானிக் கைவிட்டுட்டாங்க. உங்க காதை நம்பித்தான் வந்திருக்கேன்."

"விட்டுட்டுப் போங்க ஐயா. நல்லா ஆறட்டும். காலையில அதுவே வாயைத் திறந்து சொல்லிடும்."

இந்தக் கோளாறில் ஒரு கஷ்டம் உண்டு. எஞ்சின் முழுக்க ஆறியிருந்தால்தான் அது தெரியும். சூடாகிவிட்டால் மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

முதல் நாள், ஆறிய எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினார். ஓடியது, திணறியது, நின்றது. காதைச் சாய்த்துக் கேட்டார். கார் ஒன்றும் சொல்லவில்லை. சோக் தகடு ஒழுங்காகத்தான் மூடியது. இரண்டாம் நாள் பிளக்குகளை மாற்றினார். மூன்றாம் நாள் கார்பரேட்டரின் மேல்மூடியைத் திறந்து மிதவையைச் சரிபார்த்தார். கார் மட்டும் சொன்ன நேரத்துக்குச் சரியாக நின்றது.

அந்த எரிச்சல் சோற்றுத் தட்டு வரை வந்தது.

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவான்னு மூணு தடவை கேட்டுட்டேன்!" என்றாள் மனைவி.

"வாய்க்குள்ளேயே முணுமுணுத்தா எவனுக்குக் கேக்கும்?"

ஆறு மாதமாக இதே சண்டை. வரவர ஊரே முணுமுணுக்கிறது என்பது அவர் கட்சி.

நான்காம் நாள் அவர் சாவியைத் திருப்பிய நேரம், மனைவி டீயோடு பட்டறைக்குள் வந்தாள். வந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"ஏங்க, என்ன இது, புஸ்ஸுன்னு சீறுது?"

"என்ன சீறுது?"

"இதோ, இங்கதான். விசில் மாதிரி காதைக் கூசுதே. உங்களுக்குக் கேக்கல?"

எஞ்சின் நின்றது. அவர் மறுபடி கிளப்பினார். "கையை வச்சுக் காட்டு."

கார்பரேட்டரின் அடிப்பாகம் உட்காரும் இடத்தைக் காட்டினாள். அவர் அதன் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். எஞ்சினின் தடதடப்பு கேட்டது. விசிறியின் உறுமல் கேட்டது. சீறல் மட்டும் கேட்கவே இல்லை.

பிரஷ்ஷை எண்ணெயில் தோய்த்து அந்த இணைப்பில் தடவினார். எண்ணெய் இடுக்கை அடைத்ததும், திணறிக்கொண்டிருந்த எஞ்சின், தண்ணீர் குடித்தவன்போல நிமிர்ந்து சீராக ஓடியது. அடியில் காற்றுப் புகாமல் அடைக்கும் கேஸ்கெட் இற்றுப்போய், அந்த வழியாகக் காற்றை இழுத்திருக்கிறது. சூடானால் உலோகம் விரிந்து ஓட்டையை மூடிக்கொள்ளும். பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடக் கேட்டிருக்கும் கோளாறு!

"அதான் கண்டுபுடிச்சாச்சே, மூஞ்சியை ஏன் இப்படி..." சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள், அவர் கண்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"நீ முணுமுணுக்கவே இல்ல, இல்லடி?"

அவள் ஏதோ பதில் சொன்னாள். உதடுகள் அசைந்தது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

அன்றே புது கேஸ்கெட் போட்டார். மறுநாள் காலை தலைமையாசிரியர் முன்னால் கார் ஒரே திருப்பில் கிளம்பி, நிற்காமல் ஓடியது.

"பாம்புக்காதுன்னா சும்மாவா! எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "சத்தத்தை வச்சுத்தாங்க ஐயா. இவருக்கு வேற என்ன தெரியும்?"

அவர் அவள் பக்கம் குனிந்தார். "சீறல் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சுங்க," என்றாள், இந்த முறை உரக்க.

அவர் காதுக்கு அந்தச் சீறல் நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. பட்டறைக்குள் இன்னும் இரண்டு வண்டிகள், அவர் காதை நம்பி விட்டுப்போனவை, காத்துக்கொண்டிருந்தன.